ஒரு மகசூலுக்குப் பல வழிகள்: நீரையும் ஆளையும் ஈடுகட்டும் கணக்கு

‘உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது’ என்பது நம் நாட்டுப் பழமொழி. இதனைக் கேட்டு, உழவுக்கும் கணக்குக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை என்று பலர் எண்ணிவிடுகின்றனர். அவ்வாறு எண்ணுவது சரியன்று. அறுவடை முடிந்தபின் வரவையும் செலவையும் கூட்டிப் பார்த்து வருந்துவது ஒரு கணக்கு. பயிர் வயலில் நிற்கும்போதே, ‘இன்னும் ஒரு தண்ணீர் பாய்ச்சுவதா, இன்னும் இரண்டு ஆள் விட்டுக் களை எடுப்பதா?’ என்று தீர்மானிப்பது மற்றொரு கணக்கு. முன்னது நடந்து முடிந்ததைச் சொல்லும். பின்னது நடக்கப் போவதை மாற்றும். இக்கட்டுரையில் நாம் படிக்க இருப்பது இந்த இரண்டாவது கணக்கையே ஆகும்.

பொருளாதார நூல்கள் இதனைச் சம உற்பத்திக் கோடு என்ற தலைப்பில் விளக்குகின்றன. பெயர் புதிதாகத் தோன்றினும் பொருள் பழையதே. ஒரே அளவு மகசூலைப் பல வழிகளில் பெறலாம். ஒரு சாதனத்தைக் குறைத்தால் மற்றொன்றைக் கூட்டி ஈடுசெய்யலாம். ஆனால் அந்த ஈடு வரவர விலை மிகுந்ததாகும். இம்மூன்றுமே பாடத்தின் சாரம். தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஊர்களின் நெல் வயலை வைத்து இதனைக் காண்போம்.

நீர் செய்யும் வேலையும் ஆள் செய்யும் வேலையும்

செங்கற்பட்டுப் பகுதி ஏரிகள் நிறைந்த சீமை. சம்பா, நவரை, சொர்ணவாரி என்ற மூன்று பருவங்களிலும் இங்கே நெல் பயிராகி வந்துள்ளது. தாம்பரத்திற்குத் தெற்கிலும் கிழக்கிலும் வீட்டு மனைகளுக்கிடையே எஞ்சி நிற்கும் வயல்களில், நவரை நெல்லைக் காப்பது பெரும்பாலும் கிணற்று நீரே.

நெல் வயலில் நீர் நிற்க வேண்டும் என்று நாம் கருதுவது ஏன்? பயிர் குடிப்பதற்கு மட்டும் அவ்வளவு நீர் வேண்டியதில்லை. நிற்கும் நீர் களையை அமுக்கி வைக்கிறது. களை விதைகள் பலவும் காற்றுப் புகாத சேற்றில் முளைப்பதில்லை. நீரைக் குறைத்துக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால் பயிர் வாடிவிடாது. வேரும் நன்கு இறங்கும். ஆனால் களை தலைதூக்கும். அதுவரை நின்ற நீர் செய்துவந்த வேலையை இனி ஆள் இறங்கிச் செய்யவேண்டும். ஆகவே இவ்வயலில் நீரும் ஆளும் ஒன்றுக்கொன்று ஈடாகின்றன.

வழக்கமான முறையில் நெல்லுக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர் நீர் செலவாகிறது. ஓர் ஏக்கரில் அவ்வளவு உயரம் நீர் என்றால், அது 48 லட்சம் லிட்டருக்குச் சற்று மேல். மழையில்லாத நவரையில் இவ்வளவும் கிணற்றிலிருந்தே இறைக்கப்படுவதாகக் கொள்வோம். இனி, ஓர் ஏக்கரில் 28 மூட்டை நெல் எடுக்க நான்கு வழிகள் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். கீழுள்ளவை பாடத்தை விளக்க நாம் அமைத்துக்கொண்ட எண்கள்; ஆராய்ச்சி நிலையத்தின் முடிவுகள் அல்ல. அவரவர் ஊரின் எண்களை அவரவரே இட்டுக்கொள்ளலாம்.

முதல் வழி: நீர் 48 லட்சம் லிட்டர், களைக்கு 8 ஆள்.
இரண்டாம் வழி: நீர் 42 லட்சம் லிட்டர், களைக்கு 10 ஆள்.
மூன்றாம் வழி: நீர் 36 லட்சம் லிட்டர், களைக்கு 14 ஆள்.
நான்காம் வழி: நீர் 30 லட்சம் லிட்டர், களைக்கு 22 ஆள்.

நான்கிலும் மகசூல் 28 மூட்டைதான். ஒரு காகிதத்தில் கிடைக்கோட்டில் நீரையும், செங்குத்துக் கோட்டில் ஆளையும் குறித்து, இந்நான்கு புள்ளிகளையும் இணைத்துப் பாருங்கள். இடப்புறம் உயர்ந்து, வலப்புறம் தாழ்ந்து, மூலையை நோக்கி உட்குழிந்த ஒரு வளைகோடு கிடைக்கும். அதுவே சம உற்பத்திக் கோடு. அதன்மேல் எங்கு நின்றாலும் மகசூல் ஒன்றே.

கோடு ஏன் வளைகிறது?

நேர்கோடாக இல்லாமல் அது வளைந்திருப்பதில்தான் பாடம் முழுவதும் அடங்கியுள்ளது. ஒவ்வொரு படியிலும் நாம் மிச்சப்படுத்துவது 6 லட்சம் லிட்டர். முதற் படியில் அதற்கு ஈடாக வேண்டியவர் 2 ஆள். அடுத்த படியில் 4 ஆள். அதற்கடுத்து 8 ஆள். மிச்சமாகும் நீரின் அளவு மாறவில்லை. அதற்கு நாம் கொடுக்கும் ஈடு மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. இந்த விகிதத்திற்கு ஈட்டு விகிதம் என்று பெயரிடுவோம்.

காரணம் கடினமானதன்று. முதலில் குறைப்பது வீணாக நின்ற நீரை. அதற்கு ஈடு சிறிதே போதும். பிறகு குறைப்பது களையை உண்மையிலேயே தடுத்துவந்த நீரை. அதற்கு ஈடு பெரிது. கறிவேப்பிலைக்கு ஈடாகக் கொத்துமல்லி இட்டுக் குழம்பைச் சமாளிக்கலாம். புளிக்கு ஈடு தேடத் தொடங்கினால் தொல்லை தொடங்கும். அதுபோன்றதே இதுவும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு என்று எண்ணற்க. அமெரிக்க நாட்டின் அயோவா மாநிலக் கல்லூரியைச் சேர்ந்த ஏர்ல் ஹீடி, ஜான் பெசெக் என்னும் இருவர், மக்காச்சோளத்திற்குத் தழைச்சத்தையும் மணிச்சத்தையும் பல அளவுகளில் இட்டு, ஒரே மகசூல் தரும் சேர்க்கைகளைக் கண்டு, 1954-இல் வெளியிட்டனர். எச்சேர்க்கை மலிவானது என்பது உரங்களின் விலையைப் பொறுத்து மாறும் என்று அவர்கள் காட்டினர். பயிர் ஒன்றே, மகசூல் ஒன்றே. விலை மாறினால் சிறந்த வழியும் மாறிவிடுகிறது.

எவ்வழி மலிவு?

நம் நான்கு வழிகளில் சிறந்தது எது? கோட்டை மட்டும் பார்த்து இதற்கு விடை சொல்ல இயலாது. விலை தெரிய வேண்டும்.

களையெடுக்க ஓர் ஆளின் கூலி 500 ரூபாய் என்று கொள்வோம். ஒருவர் டீசல் என்ஜின் வைத்து இறைக்கிறார். அவருக்கு ஒரு லட்சம் லிட்டர் நீர் இறைக்க 400 ரூபாய் ஆகிறது என்றும் கொள்வோம். அவருடைய செலவு முதல் வழியில் 23,200 ரூபாய்; இரண்டாம் வழியில் 21,800 ரூபாய்; மூன்றாம் வழியில் 21,400 ரூபாய்; நான்காம் வழியில் 23,000 ரூபாய். மூன்றாம் வழியே அவருக்கு மலிவு.

இதனையே வேறு விதமாகவும் அறியலாம். 6 லட்சம் லிட்டர் மிச்சமானால் அவருக்கு 2,400 ரூபாய் மிச்சம். இரண்டாம் வழியிலிருந்து மூன்றாம் வழிக்குச் செல்லக் கூடுதலாக 4 ஆள், அதாவது 2,000 ரூபாய் வேண்டும், செல்வது இலாபம். மூன்றிலிருந்து நான்குக்குச் செல்ல 8 ஆள், அதாவது 4,000 ரூபாய் வேண்டும், செல்வது நட்டம். ஆகவே விதி இதுதான்: மிச்சமாகும் சாதனத்தின் மதிப்பு, அதற்கு ஈடாக இடும் சாதனத்தின் செலவைவிட மிகுந்திருக்கும் வரை நகர்க; குறையத் தொடங்கும் இடத்தில் நிற்க.

இனி, மின் மோட்டார் வைத்திருப்பவரைக் காண்போம். தமிழ்நாட்டில் 1990 முதல் உழவர் அனைவருக்கும் பாசன மின்சாரம் கட்டணமின்றி வழங்கப்பட்டு வருகிறது. அவருக்கு இறைப்புச் செலவு ஏறத்தாழ இல்லை எனலாம். எனவே களைக் கூலியை மட்டுமே அவர் எண்ணுவார். முதல் வழியில் 4,000 ரூபாய். மூன்றாம் வழியில் 7,000 ரூபாய். அவர் முதல் வழியையே தேர்ந்தெடுப்பார். அவரைச் சோம்பேறி என்றோ, நீரின் அருமை அறியாதவர் என்றோ குறை கூறுவது பொருந்தாது. தம் கண்முன் உள்ள விலைகளுக்கு ஏற்ப அவர் சரியாகவே கணக்கிட்டிருக்கிறார்.

தாம்பரம் பகுதியில் இக்கணக்கை மேலும் ஒரு பக்கம் சாய்ப்பது ஆள் பஞ்சம். 1931-இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1984-இல் தாம்பரத்தில் ஏற்றுமதித் தொழில் மண்டலம் தோன்றியது. கட்டட வேலையும் கடை வேலையும் பெருகின. ஒரு நாள் கூலிக்கு வயலில் குனிபவர் அதே நாளில் நகரத்தில் என்ன பெறுவார் என்பதுதான் இங்கே கூலியை வரையறுக்கிறது. ஆள் விலை ஏறி, நீர் விலையின்றி நின்றால், உழவர் ஆளுக்கு ஈடாக நீரை ஊற்றுவது இயல்பே.

ஒரே கிணறு, இரண்டு விலை

ஆனால் அந்நீர் உண்மையில் விலையற்றதா? இதற்கு விடை தாம்பரம் சாலையிலேயே கிடைக்கும். 2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டபோது, புறநகர்க் கிணறுகளின் நீர் லாரி லாரியாக நகரத்திற்குச் சென்றது. வயலுக்கு விடும்போது விலையற்றதாக இருந்த நீர், லாரியில் ஏறியதும் விலையுள்ளதாயிற்று. 12,000 லிட்டர் கொள்ளும் லாரி ஒன்றை அளவாகக் கொண்டால், முதல் வழியில் ஓர் ஏக்கர் நெல்லுக்குச் செலவாகும் நீர் 400 லாரி. முதல் வழிக்கும் மூன்றாம் வழிக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே 100 லாரி.

உழவர்கள் நீரை விற்கவேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. கட்டுப்பாடின்றி நிலத்தடி நீரை எடுத்து விற்பதைத் தடுக்கவே சென்னைப் பெருநகர்ப் பகுதிக்கென 1987-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. நகரை அடுத்த கிராமங்கள் பலவும் அதில் சேர்க்கப்பட்டன. நாம் சொல்ல வருவது இதுதான்: கட்டணம் இல்லை என்பதும் மதிப்பு இல்லை என்பதும் ஒன்றல்ல. ஒருவர் மிகுதியாக இறைத்தால் அடுத்தவர் கிணறு தாழும். அவர் மேலும் தோண்டவேண்டும், அல்லது குழாய் இறக்கவேண்டும். அச்செலவு இறைத்தவருடைய கணக்கில் ஏறுவதில்லை. ஊர்க் கணக்கில் ஏறுகிறது.

வயலில் நின்ற நீரில் ஒரு பகுதி கசிந்து மீண்டும் நிலத்தடியை அடையும் என்று சிலர் கூறுவர். அது உண்மையே. ஆனால் வெயிலில் ஆவியாகிப் போனது திரும்புவதில்லை. மீண்டும் மீண்டும் மேலேற்றுவதற்கான மின்சாரமும் திரும்புவதில்லை.

கருவி வந்தால் கோடே நகரும்

இதுவரை கோட்டின்மேல் இங்குமங்கும் நகர்ந்தோம். கோட்டையே மூலையை நோக்கி நகர்த்தவும் வழி உண்டு. அதுதான் புதிய முறையின் வேலை.

மடகாஸ்கர் தீவில் ஆன்றி தெ லொலானியே என்ற பாதிரியார் 1980-களில் உருவாக்கிய நெல் முறை, தமிழ்நாட்டில் திருந்திய நெல் சாகுபடி என்ற பெயரில் பரவியது. 14 நாள் இளநாற்றைக் குத்துக்கு ஒன்றாக, வரிசைக்கு வரிசை, செடிக்குச் செடி 25 சென்டிமீட்டர் இடைவிட்டு நடவேண்டும். மண்ணில் மயிரிழை வெடிப்புக் கண்டதும் மெல்லிய அளவில் நீர் பாய்ச்சவேண்டும். நட்ட 10-ஆம் நாள் முதல், 10 நாளுக்கு ஒருமுறை உருளும் களைக்கருவியை இரு திசைகளிலும் ஓட்டவேண்டும். கருவி களையை மண்ணில் அமுக்கி உரமாக்குகிறது, மண்ணையும் கிளறிவிடுகிறது.

குனிந்து கையால் எடுக்க 14 ஆள் வேண்டிய மூன்றாம் வழிக்கு, கருவியால் 9 ஆள் போதும் என்று கொள்வோம். கூலி 4,500 ரூபாய் ஆகும். கட்டணமில்லா மின்சாரம் உள்ளவர் முதல் வழியை விட்டு மூன்றாம் வழிக்கு வர, முன்பு ஏக்கருக்கு 3,000 ரூபாய் இழக்க வேண்டியிருந்தது. இப்போது இழப்பது 500 ரூபாய் மட்டுமே. நூறு லாரி நீரை மிச்சப்படுத்த 500 ரூபாய்! இவ்வளவு சிறிய இடைவெளியை நிரப்புவது ஓர் ஊராட்சிக்கோ கூட்டுறவுச் சங்கத்திற்கோ இயலாத காரியமன்று. ஆனால் வரிசை நடவின்றிக் கருவி ஓடாது. வரிசை நடவுக்குப் பழகிய கைகள் வேண்டும். பயிற்சியின்றிக் கருவியை மட்டும் வாங்கி வைத்தால், அது கொட்டகையில் துருப்பிடிக்கும்.

ஈட்டுக்கும் எல்லை உண்டு

எல்லாவற்றுக்கும் ஈடு உண்டு என்று எண்ணிவிடலாகாது. இரண்டு மாட்டுக்கு ஓர் ஏர். மூன்றாவது மாட்டைக் கொண்டுவந்து நிறுத்தினால் உழவு கூடாது. இவை சேர்ந்தே இயங்கும் சாதனங்கள். நீரிலும் அத்தகைய நேரம் உண்டு. கதிர் உருவாகும்போதும் பூக்கும்போதும் வயல் காய்ந்தால், எத்தனை ஆள் இறங்கினாலும் பதரை மணியாக்க முடியாது.

ஏரிக்கும் கிணற்றுக்கும் உள்ள உறவை இங்கே நினைத்துப் பார்க்கவேண்டும். ஏரி நீருக்குக் கிணற்று நீர் ஈடு என்று நாம் பல காலமாக எண்ணி வந்துள்ளோம். மோட்டார் வந்தபின் மதகைப் பார்ப்பாரில்லை, வரத்துக்கால் புதர் மண்டியது, கலங்கல் சிதைந்தது. ஒருவருடைய வயலளவில் பார்த்தால் கிணறு ஏரிக்கு ஈடுதான். ஊரளவில் பார்த்தால் அப்படியன்று. ஏரியில் நின்ற நீரே ஊறிக் கிணற்றுக்கு வருகிறது. மூலத்தைக் கைவிட்டு அதன் ஊற்றை ஈடாகக் கொள்வது, வேரை வெட்டிவிட்டுக் கிளைக்கு நீர் தெளிப்பதாகும்.

சேலையூர், மாடம்பாக்கம், செம்பாக்கம், இராசகீழ்ப்பாக்கம் முதலிய ஊர்களின் ஏரிகளைச் சுற்றி வயல்கள் மறைந்து வீடுகள் எழுந்துவிட்டன. இவ்வூர்கள் 2021-இல் உருவான தாம்பரம் மாநகராட்சியில் அடங்கின. பாசனதாரர் இல்லையெனில் ஏரியால் என்ன பயன் என்று கேட்பவர் உண்டு. அங்குள்ள வீடுகளின் கிணறுகளே அதற்கு விடை. மாநகராட்சி எல்லைக்கு வெளியே உள்ள ஊராட்சிகள் இதனைக் கண்டு, வயல் இருக்கும்போதே ஏரியைக் காத்துக்கொள்ளல் நலம்.

ஊர் போடவேண்டிய கணக்கு

ஏரியைக் காப்பது நமக்குப் புதிதன்று. இதே பகுதியைச் சேர்ந்த உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் ஊர்ச் சபையின் ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. ஊரார் கூடிக் கரையையும் கால்வாயையும் செப்பனிட்ட குடிமராமத்து வழக்கத்தை, 1858-ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டம் கடமையாகவே வற்புறுத்தியது. 2017-இல் அப்பெயரிலேயே மாநில அரசு ஏரிப் பணிகளை மீண்டும் தொடங்கியது.

ஓர் எளிய பெருக்கலைச் செய்து பாருங்கள். ஏரியில் ஓர் ஏக்கர் பரப்பில் ஓர் அடி ஆழம் தூர் எடுத்தால், 43,560 கன அடி இடம் உண்டாகும். அது 12 லட்சம் லிட்டருக்குச் சற்று மேல் நீர் கொள்ளும். நம் உழவர் முதல் வழியிலிருந்து மூன்றாம் வழிக்கு வந்து ஓர் ஏக்கரில் மிச்சப்படுத்தியதும் 12 லட்சம் லிட்டரே. ஆகவே வயலில் களைக்கு இடும் ஆளும் ஏரியில் தூருக்கு இடும் ஆளும் ஒரே நீரைத் தேடுகின்றனர். எங்கே ஓர் ஆள் மிகுதியான நீரைத் தருகிறாரோ, அங்கே முதலில் ஆளை இடுவது அறிவுடைமை. வயலின் முதற் சில படிகள் மலிவு. அதன்பின் ஏரி மலிவாகலாம். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் இடம் ஊராட்சி ஒன்றே. தனி உழவர் தம் வயற் கோட்டை மட்டுமே காண்கிறார்.

எனவே ஊராட்சி அங்கத்தினர்கள் பின்வருவனவற்றைச் செய்தல் நன்று.

முதலாவது, ஊரில் சில கிணறுகளைத் தேர்ந்து, மாதந்தோறும் நீர் மட்டத்தைக் கயிறிட்டு அளந்து, ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதுக. விலை சொல்லாததை அளவு சொல்லும்.

இரண்டாவது, உருளும் களைக்கருவிகளைப் பொதுவில் வாங்கிச் சிறு வாடகைக்கு விடுக. வரிசை நடவுக்கு வேளாண்மைத் துறையின் துணையுடன் பயிற்சிக்கு ஏற்பாடு செய்க.

மூன்றாவது, ஏரியின் வரத்துக்கால், மதகு, கலங்கல் மூன்றையும் மழைக்கு முன்பே நடந்து பார்த்துக் குறைகளைப் பட்டியலிடுக. உரிய அனுமதி பெற்று வண்டலை வயலுக்கு எடுத்துச் சென்றால், ஏரி ஆழமாகும், வயல் வளமாகும்.

நான்காவது, மார்ச் 22, உலக நீர் நாளில் கூடும் கிராம சபையில் இந்த நான்கு வழிக் கணக்கை ஊரின் சொந்த எண்களுடன் கரும்பலகையில் எழுதிக் காட்டுக. எத்தனை முறை பாய்ச்சினோம், எத்தனை ஆள் இறங்கினர், எத்தனை மூட்டை கண்டோம் என்று மூன்று உழவர்கள் உண்மையைச் சொன்னால் போதும். ஊரின் கோடு தானே உருவாகும்.

உழவர் தம் வயலில் கணக்கிட்டால் பணம் மிஞ்சும். ஊரார் கூடிக் கணக்கிட்டால் நீர் மிஞ்சும். நீர் மிஞ்சிய ஊரில்தான் அடுத்த நவரையும் விளையும்.